தகரத்தின் மேல் ஆலங்கட்டி

"தகரக் கூரையில ஆலங்கட்டி விழுது டாக்டர்"
என்றார் எவாரிஸ்தோ சோக்கே,
நெஞ்சை உள்ளங்கையால் பொத்தியபடி.
வெளியே கொச்சபம்பாவில் சொட்டு மழை இல்லை.
திரையில் நூற்று எண்பத்தெட்டு;
அகன்ற அலைகள், ஒன்றின் முதுகில் ஒன்று.

தொழில் கூரை வேய்வது.
மிஸ்கே பள்ளத்தாக்கின் மண்வீடுகளில்
முப்பது வருஷம் புல்லைப் பிரித்தெறிந்து
தகரம் அடித்தவர்.
புல்லில் வின்சூக்கா குடியிருக்கும் என்று
அரசாங்க ஜீப் ஒலிபெருக்கியில் சொல்லிப்போனது.
பகலெல்லாம் சுவர் வெடிப்பில் ஒளிந்து
இரவில் தூங்குகிறவன் முகத்தில் இறங்கும் பூச்சி.
அவர் முகத்தில் இறங்கியபோது
அவருக்கு ஆறு வயதோ ஏழோ.
ஒரு கண் வீங்கியது, வற்றியது,
வீட்டில் எல்லோரும் மறந்துபோனார்கள்.
இதயம் மறக்கவில்லை.
ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டு
தண்ணீர்ப் பை மாதிரித் தொளதொளத்துவிட்டது.
நிரம்பும் நூறு பங்கில்
இருபத்தாறைத்தான் வெளியே தள்ளுகிறது.

அலமாரியில் ஐந்து மருந்து.
நான்கை என் விரல் தாண்டிப் போகிறது.
ஒன்று வேகத்தைப் பிடித்து நிறுத்தும்,
உந்தித் தள்ளும் கையையும் சேர்த்துக் கட்டிப்போடும்.
இன்னொன்று
துடிப்பின் பிசிறையெல்லாம் படியச் சீவிவிடும்.
அந்த வகையை ஒரு காலத்தில்
நோயுற்ற நெஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம்.
காகிதத்தில் கோடு அழகானது.
பிசிறுகள் குறைந்தன.
மனிதர்களும்.

மிஞ்சியது அமியோடரோன்.
நூற்றைம்பது மில்லிகிராம், பத்து நிமிஷம்.
ரத்த அழுத்தம் எண்பதுக்கு வழுக்கியது.
செவிலி ஃப்ளோரிண்டா சொட்டின் திருகைத் தளர்த்தினாள்.
அதிர்ச்சித் தட்டுகள் பசை பூசித் தயாராய்.
நூற்று எழுபது.
நூற்று ஐம்பத்தைந்து.
பிறகு ஒரு வெற்றிடம், ஒரு மூச்சு நீளம்.
அந்நேரம் நான் கடவுளை நினைக்கவில்லை,
கரண்ட் போய்விடக் கூடாதே என்று நினைத்தேன்.

எழுபத்திரண்டு.

"நின்னுடுச்சு" என்றார்.
"எது?" என்று கத்தியேவிட்டேன்.
"ஆலங்கட்டி."

வீட்டுக்கு அனுப்பும் நாளில்
உள்ளதைச் சொன்னேன்.
இந்த மருந்து வந்து போகிற விருந்தாளி இல்லை,
கொழுப்பில் பாய் விரித்துக் குடியேறும்.
நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் காலி செய்யாது.
கழுத்துச் சுரப்பியைக் கலைக்கும்,
நுரையீரலை உரசிப் பார்க்கும்,
வெயில் பட்ட தோல் சாம்பல் நீலமாகும்.
"வெயிலா?"
சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.
கூரைமேல் வேறென்ன இருக்கிறது?

நெஞ்சுக்குள் பதிக்கும் கருவியின் விலையைக் கேட்டார்.
கண்ணை மூடிக் கணக்குப் போட்டார்:
"நாற்பது வீட்டுக் கூரை. ஆணி உட்பட."
அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆயுள் நீளுமா என்றாள் மனைவி காசிமிரா.
பொய் நாக்கின் நுனிவரை வந்தது.
"ஆலங்கட்டி குறையும்.
ஆயுளுக்கு இந்த மாத்திரை வாக்குக் கொடுக்கவில்லை."
மாத்திரை அட்டையின் பின்பக்கம்
அவள் ஒரே ஒரு சொல் எழுதிக்கொண்டாள்:
குறையும்.

எட்டு மாதம் கழித்து வந்தார்.
அகல விளிம்புத் தொப்பி,
அதன் கீழே மழைமேக நிறத்தில் மூக்கு நுனி.
விடியுமுன் ஏணி ஏறுகிறாராம்,
நிழல் குட்டையாகுமுன் இறங்கிவிடுகிறாராம்.
ஏணியே வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன்.
அதை இருவருமே குறிப்பிடவில்லை.
ரத்தம் எடுத்தோம். நாடி அறுபத்து நான்கு.
நடுவில் இரண்டு தாவல்;
அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

எழுந்தவர் வாசலில் நின்று அண்ணாந்தார்.
"உங்க வார்டு கூரையில மூணாவது தகடு,
ஆணி கழண்டிருக்கு.
நேத்து ராத்திரிக் காத்துக்குத் தடதடன்னு அடிச்சிருக்குமே?"

அடித்தது.
இரவு முழுக்க.
ஒவ்வொரு முறையும் எழுந்து போய்
திரையைப் பார்த்துவிட்டு வந்தேன்.